ஐந்நூறு தோட்டாக்கள் எதை நிரூபிக்கும்?

அமெரிக்கச் சந்தைக்குப் புதிய கைத்துப்பாக்கி ஒன்று வந்தால் சில வாரங்களுக்குள் மதிப்புரைகள் குவிந்துவிடுகின்றன. பெரும்பாலும் தயாரித்த நிறுவனமே ஒரு துப்பாக்கியை அனுப்பிவைக்கிறது. மதிப்புரையாளர் சுடுதளத்துக்குப் போய் இருநூறோ ஐந்நூறோ தோட்டாக்கள் சுடுகிறார். எந்தத் தோட்டாவும் உள்ளே சிக்கவில்லை. உடனே ‘நம்பகமானது’ என்று எழுதிவிடுகிறார். விசை எவ்வளவு இலகுவாக இழுபடுகிறது, பிடி கைக்கு அடங்குகிறதா, குறி தப்பாமல் படுகிறதா என்பதையெல்லாம் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. ‘நம்பகமானது’ என்ற சொல்லுக்கு மட்டும் அவரிடம் ஆதாரம் கிடையாது. ஆபத்தில் உயிரைக் காக்கும் என்று நம்பி ஒருவர் இடுப்பில் செருகிக்கொள்ளும் பொருளைப் பற்றிய சொல் அது. அதை இவ்வளவு மலிவாக வழங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கு எளியது. புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு. ஒரு சோதனையைப் பல முறை செய்தும் ஒரு பிசகும் வரவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பிசகின் வீதம் அதிகபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடிய எல்லை அதில் கிடைக்கும். 500 தோட்டாக்கள் தடையின்றிச் சுடப்பட்டால், ‘சராசரியாக 167 தோட்டாவுக்கு ஒரு தடவைக்கு மேல் சிக்காது’ என்று மட்டுமே சொல்லலாம். 2,000 தோட்டாவுக்கு ஒரு தடவைதான் சிக்கும் என்று காட்ட விரும்பினால் 6,000 தோட்டாக்களைப் பிசகின்றிச் சுட்டாக வேண்டும். தோட்டாச் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். அப்போதும் கையிலிருக்கும் அந்த ஒரு துப்பாக்கியைப் பற்றித்தான் தெரிந்திருக்கும். நிறுவனம் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருக்கக்கூடிய துப்பாக்கி என்றால், கடையில் வாங்குபவருக்கு அந்தச் சாட்சியம் இன்னும் குறைவாகவே உதவும்.

இப்படியொரு நீண்ட சோதனை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்பவர்கள் 1911ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். அந்த மார்ச் மாதம் அமெரிக்க ராணுவத்தின் இறுதிப் போட்டியில் கோல்ட், சாவேஜ் என்ற இரு நிறுவனங்களின் பிஸ்டல்களும் 6,000 தோட்டா வீதம் சுடப்பட்டன. தாங்க முடியாத அளவுக்குச் சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள். சாவேஜ் 37 தடவை பிசகியது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. எம்1911 என்ற பெயரில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே ராணுவத்தின் பிரதான பிஸ்டலாக இருந்தது.

ஆனால் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அதற்கு சிக் சாவர் நிறுவனத்தின் பி320 சான்று. 2014இல் வெளிவந்து நல்ல பெயர் வாங்கிய பிஸ்டல் இது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக் கூடாது என்பதற்காக அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் தர அமைப்பு ஒரு சோதனையை வகுத்திருக்கிறது. நான்கடி உயரத்திலிருந்து, கான்கிரீட்டின் மேல் விரித்த ரப்பர் விரிப்பில், ஆறு நிலைகளில் துப்பாக்கியைப் போட வேண்டும்: குழல் கீழ்நோக்கி, மேல்நோக்கி, நிமிர்ந்து, கவிழ்ந்து, இரு பக்கவாட்டில். தேவையான தரங்களை எல்லாம் தன் துப்பாக்கி நிறைவேற்றியது என்றது நிறுவனம். 2017 ஆகஸ்டில் ஒமாஹா அவுட்டோர்ஸ் என்ற விற்பனையாளர்கள், ஸ்லைடின் (சுடும்போது முன்பின்னாக நகரும் மேல்பகுதி) பின்புறம் முதலில் தரையில் மோதும்படி ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்துப் போட்டுப் பார்த்தார்கள். துப்பாக்கி வெடித்தது. கனமான விசை, மோதலின் வேகத்தில் பின்னோக்கிப் போய்த் தன்னைத்தானே இழுத்துக்கொண்டது. ஆறு நிலைகளில் எதிலும் இந்தச் சாய்வு இல்லை. கையிலிருந்து நழுவும் துப்பாக்கி பட்டியலைப் பார்த்து விழுவதில்லையே! சில நாட்களுக்குள் நிறுவனம் ‘தன்விருப்ப மேம்பாடு’ என்ற பெயரில் இலகுவான விசையை மாற்றித் தர முன்வந்தது.

திரும்பப் பெறும் ஆணையாக அது வராததற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள்மீது அதிகாரம் இல்லை. ரொட்டி வாட்டும் கருவியில் குறை இருந்தால் திரும்பப் பெறச் செய்யக்கூடிய அமைப்பு, பிஸ்டல் விஷயத்தில் கைகட்டி நிற்கிறது. மதிப்புரையாளரின் பொறுப்பு மற்ற பொருட்களைவிட இங்கே கூடுவது இதனால்தான். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனியே சோதிக்கின்றன; அங்கும் 600 தோட்டாக்களில் ஆறு பிசகு வரை தேர்ச்சிதான். நூற்றுக்கு ஒன்று என்பது மிகத் தாழ்ந்த வரம்பு.

ராணுவத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 2017 ஜனவரியில் பி320இன் வடிவங்களை எம்17, எம்18 என்ற பெயரில் வாங்க அமெரிக்க ராணுவம் ஒப்பந்தம் செய்தது. உச்சவரம்பு 58 கோடி டாலர். தோற்ற க்ளாக் நிறுவனம், இறுதிப் போட்டியாளர்களை வைத்து நடத்தவேண்டிய அடுத்தகட்டச் சோதனைகளை முடிக்காமலேயே ஒருவரைத் தேர்ந்துவிட்டார்கள் என்று முறையிட்டது. அரசின் பொறுப்புடைமை அலுவலகம் ஜூனில் அதைத் தள்ளுபடி செய்தது. மதிப்பிடப்பட்ட விலையில் சிக் சாவர் ஏறக்குறைய 10 கோடி டாலர் குறைவு. சட்டப்படி முடிவு சரி. சோதனை முறைப்படி அது சரியா?

2018 ஜனவரியில் பென்டகனின் சோதனை, மதிப்பீட்டு இயக்குநர் வெளியிட்ட ஆண்டறிக்கை பதில் தருகிறது. தடங்கலுக்கும் தடங்கலுக்கும் இடையில் சராசரியாக 2,000 தோட்டாக்கள் என்பது ராணுவம் விதித்த அளவு. சாதாரண ராணுவத் தோட்டாவில் எம்17க்குக் கிடைத்தது 343, எம்18க்கு 197. சிறப்புத் தோட்டாவில் 708, 950. சுட்ட வெற்றுக்கூட்டோடு சுடாத தோட்டாவும் சேர்ந்து வெளியே தள்ளப்பட்ட நிகழ்வுகளும், விழுந்தால் வெடிக்கும் குறை சோதனையில் பிடிபட்டுத் திருத்தப்பட்டதும் அதே அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன.

இந்த எண்களை வைத்துக்கொண்டு துப்பாக்கியையே குப்பை என்று தள்ளுவதும் நியாயமில்லை. தடங்கல்களில் பாதிக்கு மேல், கடைசித் தோட்டா சுட்டபின் ஸ்லைடு பின்னால் நிற்காமல் போனவை. ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்புகோலின்மேல் சுடுபவரின் கட்டைவிரல் அழுந்தியதே காரணம் என்றார்கள் ராணுவ வல்லுநர்கள். அது துப்பாக்கியின் பிசகா, கையின் பிசகா? என் பதில்: இரண்டையும் எண்ணிப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு வாதாட வேண்டும். இயக்குநரின் அறிக்கை அதைத்தான் செய்தது. வழக்கமான மதிப்புரை நேர்மாறாகப் போகிறது. ‘மணிக்கட்டு தளர்ந்திருந்தது’, ‘தோட்டா மட்டம்’, ‘புதுத் துப்பாக்கி பழக இன்னும் இருநூறு சுட வேண்டும்’ என்று ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. கடைசியில் கணக்கு பூஜ்யமாகிறது. நிறுவனத்தின் விளம்பரப் பணத்தைவிட இந்தப் பழக்கம் அதிகமாக ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். விளம்பரமே வாங்காத ‘கன் டெஸ்ட்ஸ்’ போன்ற இதழை மதிக்கிறேன். அதன் சுதந்திரம் சார்பைக் குறைக்கும். தோட்டாக்களின் எண்ணிக்கையைக் கூட்டாது.

ஆகவே ராணுவத்தைப் பற்றி என் தீர்ப்பு: சோதித்த விதத்தில் தேர்ச்சி, வரிசையில் தோல்வி. குறைகளைக் கண்டுபிடித்து எண்ணோடு வெளியிட்டார்கள். ஆனால் கையெழுத்திட்ட பிறகு. பேரம்பேசும் வலு அதற்குமுன்தான் இருந்தது. மதிப்புரைகளைப் பற்றிய தீர்ப்பு இன்னும் கடுமையானது. யார் தந்த துப்பாக்கி, எந்தத் தோட்டா, மொத்தம் எத்தனை, சமாதானம் சொல்லிவிட்ட பிசகுகள் உட்பட எத்தனை பிசகு: இந்த நான்கும் இல்லாத மதிப்புரையை நம்பகத்தன்மைக்கான ஆதாரமாக எடுக்கவே கூடாது. நான்கும் இருந்தாலும், 500 தோட்டாவோடு நிறுத்தியவர் ‘500 வரை சிக்கவில்லை’ என்று எழுதலாம். அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க வேண்டுமானால் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்கிக்கொண்டு மறுபடி சுடுதளத்துக்குப் போகட்டும். முடிந்தால் கடையில் விலை கொடுத்து வாங்கிய இரண்டாவது துப்பாக்கியோடு.