விடுவிக்கும் முன் ஒரு வரி

லினக்ஸ் கெர்னலில் டிரைவர் பிழைகளைச் சரிசெய்யும் பேட்ச்களைப் படிப்பது எனக்கு அலுக்காத இன்பம். உதாரணத்துக்கு, யுஎஸ்பி கருவியை ஒருவர் சட்டென்று பிடுங்குகிறார். அதற்காக ஒதுக்கிய மெமரியை டிரைவர் விடுவித்துவிடுகிறது. ஆனால் முன்பே முடுக்கிவிட்ட டைமர் ஒன்று சற்றுப் பொறுத்து விழித்து, அதே இடத்தில் எழுதுகிறது. அதற்குள் அந்த இடம் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். பல தடவை ஒன்றுமே ஆகாது. அதுதான் இந்தப் பிழையின் கொடுமை.

2015-இல் கெர்னலின் 4.0 பதிப்போடு வந்த, மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கேஏசான் (KASAN) இங்கே பெரிய துணை. எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட் வைத்துக் காவல் காக்கும். தவறு நடந்ததும் ஒதுக்கியது யார், விடுவித்தது யார், பிறகு தொட்டது யார் என்று மூன்று தடங்களையும் காட்டிவிடும்.

திருத்தமோ பெரும்பாலும் ஒரே வரி: டைமரை நிறுத்தி, அது ஓடி முடியும்வரை காத்திரு. அந்த வரி விடுவிக்கும் வரிக்கு மேலே வர வேண்டும். கீழே வந்தால் பயனில்லை. டைமர் தன்னைத்தானே மீண்டும் முடுக்கிக்கொள்ளுமா என்றும் பார்த்தாக வேண்டும். நல்ல பேட்சின் அழகு அதன் விளக்கத்தில்தான் இருக்கிறது. எந்த இரண்டு செயல்கள் எப்படி மோதின, எந்தப் பழைய மாற்றத்தோடு பிழை உள்ளே வந்தது என்று பொறுமையாக எழுதியிருப்பார்கள். அதற்காகவே சிலவற்றை மறுபடி மறுபடி படிக்கிறேன்.