45-ல் பூஜ்யம்: எஃப்ஐவி பூனையும் இரண்டு ஆய்வுகளும்

நாலஞ்சு பூனை இருக்கிற வீட்டில் ஒன்றுக்கு எஃப்ஐவி என்று தெரிந்தால் என்ன செய்வது? இணையத்தில் பெரும்பாலும் ஒரே ஆறுதல்தான் கிடைக்கிறது: “சண்டை போடாத பூனைகளுக்குள்ள பரவாது.” இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வையும், அதோடு முரண்படும் இன்னொன்றையும் சேர்த்துப் படித்தேன்.

முதலில் பின்னணி. எஃப்ஐவி நம்ம எச்ஐவிக்கு உறவுக்கார வைரஸ். மனிதருக்குத் தொற்றாது. 1986-ல் கலிஃபோர்னியாவில் பெடர்சனும் யமமோட்டோவும் கண்டுபிடித்தார்கள். எச்சிலில் இருக்கும் வைரஸ் ஆழமான கடி வழியாக உள்ளே போவதுதான் முக்கியமான பரவல் வழி.

ஆறுதல் தரும் ஆய்வு, பர்டூ பல்கலைக்கழகத்தின் அன்னெட் லிட்ஸ்டர் 2014-ல் வெளியிட்டது. ஒரு காப்பகத்தில் 138 பூனைகள். அதில் 8 எஃப்ஐவி உள்ளவை. எல்லாம் கலந்து வாழ்ந்தன. பிறகு, தொற்று இல்லாதவற்றில் 45-ஐ மறுபடி சோதித்தபோது ஒன்றுக்குக்கூட வரவில்லை. இன்னொரு காப்பகத்தில் தொற்றுள்ள 5 தாய்ப்பூனைகளின் 19 குட்டிகளுக்கும் இல்லை.

நல்ல செய்திதான். ஆனால் 45 டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனதால் பக் இல்லை என்று எந்த டெவலப்பரும் சொல்ல மாட்டான். 45-ல் பூஜ்யம் என்றாலும், 95 சதவீத நம்பிக்கை அளவில் உண்மையான ஆபத்து சுமார் 6.5 சதவீதம் வரை இருக்கலாம். தவிர, முதலில் தொற்றில்லாமல் இருந்தவை 130. மறுசோதனைக்கு வராத 85 பூனைகளைப் பற்றி இந்தப் பூஜ்யம் எதுவும் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கம், டயான் ஆடியும் சகாக்களும் 2000-ல் வெளியிட்டது. 26 பூனைகள் இருந்த ஒரே வீட்டை 10 வருஷம் கவனித்தார்கள். தொடக்கத்தில் 9-க்கு எஃப்ஐவி. பின்னர் இன்னும் 6-க்கு வந்தது. கடிபட்ட தடயம் இல்லை என்கிறார்கள். தடயம் இல்லை என்பதும் கடி இல்லை என்பதும் ஒன்றல்ல. ராத்திரி பூராவும் யாரும் காவல் இருக்க முடியாதே. ஆனால் பலரும் தாண்டிப் போகிற ஒரு முடிவு அதே கட்டுரையில் இருக்கிறது: எஃப்ஐவி அந்தப் பூனைகளின் ஆயுளைக் குறைக்கவில்லை. அங்கே அதிக உயிர் குடித்தது ரத்தப்புற்று வைரஸான எஃப்இஎல்வி.

ஆக, “பரவவே பரவாது” என்பது ஆய்வு சொன்னதைவிடக் கூடுதல். “உடனே விரட்டு” என்பதற்கோ இரண்டிலும் ஆதாரம் இல்லை.

எனக்குள்ள பெரிய குறை வேறு. இரண்டும் தங்களுக்குள்ளேயே பழகிப்போன பூனைக் கூட்டங்களைப் பார்த்தவை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் பூனைக்கு அப்படி எல்லை கிடையாது. உளுந்து மூட்டைக்கு வரும் எலிக்காக ஒரு வீடு, பாலுக்கு ஒரு வீடு, ராத்திரி ஓட்டுமேல் கடுவன்களின் சண்டை. இங்கே தொற்று வீட்டுக்குள் சோற்றுத் தட்டில் தொடங்குவதைவிட ஓட்டுமேல் தொடங்கவே வாய்ப்பு அதிகம்.

அதனால் சாக்கில் கட்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்கரையில் விடுகிற நம்ம ஊர் வழக்கம்தான் மிக மோசமான வழி. புது இடத்தில் அந்தப் பூனை சண்டை போட்டுத்தான் பிழைக்கணும். வைரஸுக்கு அதைவிட வசதி வேறென்ன?

செய்ய வேண்டியது இதுதான்: எல்லாப் பூனைக்கும் கருத்தடை, தொற்றுள்ளதை முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே வைப்பது, சண்டைக்காரப் பூனை இருந்தால் அதை மட்டும் தனி அறையில் விடுவது, மற்றவற்றுக்கு அவ்வப்போது மறுசோதனை. குட்டிக்கு பாசிட்டிவ் வந்தால் ஆறு மாதம் தாண்டி மறுபடி பாருங்கள். அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம்.