எரோய்க்காவின் வேகமும் எடையும்

1817ஆம் ஆண்டு டிசம்பரில் லைப்சிக் நகரின் இசை இதழ் ஒன்று, பீத்தோவன் அதுவரை எழுதியிருந்த எட்டு சிம்பொனிகளுக்கும் அவரே குறித்துக்கொடுத்த மெட்ரோனோம் எண்களை அச்சிட்டது. மூன்றாம் சிம்பொனியான எரோய்க்காவின் முதல் பகுதிக்கு அவர் கொடுத்த எண் 60. மூன்று எண்ணிக்கை கொண்ட தாளக்கட்டு ஒவ்வொன்றும் ஒரே நொடியில் முடிய வேண்டும். அந்தப் பகுதியில் 691 கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் நூற்றைம்பது சொச்சம் கட்டுகளை இன்னொரு முறை வாசிக்கும்படி குறி போட்டிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 14 நிமிடம் வரும். மறுவாசிப்பை விட்டுவிட்டால் பதினொன்றரை நிமிடம். ஓட்டோ கிளெம்பரர் 1959இல் லண்டன் பில்ஹார்மோனியா குழுவை வைத்துச் செய்த பதிவில், மறுவாசிப்பு இல்லாமலேயே இந்தப் பகுதி 16 நிமிடத்தைத் தாண்டுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 கட்டு.

இந்த இடைவெளிக்குள்தான் எரோய்க்கா இசைத்தட்டுகளின் நூறாண்டு வரலாறு கிடக்கிறது. 1980களுக்குப் பிறகு பதிவு செய்தவர்களில் பலர் 60 என்ற எண்ணின் பக்கம் சாய்ந்தார்கள். பழைய கருவிகள் அல்லது அவற்றின் வாசிப்பு முறை, சிறிய குழு, திருத்திய இசைப்பிரதி, இசையமைத்தவர் சொன்ன வேகம் என்பது இன்று ஏறத்தாழ வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த வழக்கம் எரோய்க்காவுக்குச் செய்த நன்மை பெரிது. அதே வழக்கம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியான சாவு ஊர்வல இசையில் ஒரு பெரிய இழப்பையும் கொண்டுவந்திருக்கிறது என்பது என் துணிபு.

எரோய்க்கா முதலில் ஒலித்தது 1804இல், வியன்னாவில் இளவரசர் லோப்கோவிட்ஸின் மாளிகைக் கூடத்தில். பொதுமக்கள் முன்னால் அரங்கேறியது அடுத்த ஆண்டு ஏப்ரலில். மாளிகைக் கூடம் இன்றும் இருக்கிறது, பெரிதல்ல. வாசித்தவர்கள் சுமார் முப்பது பேர். அந்த அளவுள்ள அறையில் மூன்று ஹார்ன்களும் இரண்டு ட்ரம்பெட்டுகளும் டிம்பனியும் ஒன்றாக முழங்கினால் கேட்டவர்களுக்குத் தப்ப இடம் இருந்திருக்காது. 19ஆம் நூற்றாண்டு போகப் போக அரங்குகள் பெருத்தன, தந்திக் கருவிகள் பெருகின. ஒரே பகுதிக்குள் ஒவ்வொரு மெட்டுக்கும் அதனதன் காலப்பிரமாணம் உண்டு என்று வாக்னர் எழுதியதை அவர் வழி வந்த நடத்துநர்கள் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவு பிறந்தபோது எரோய்க்கா ஏற்கெனவே கனத்துப்போயிருந்தது.

78 சுழற்சித் தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும் என்பதால் இந்த ஒரு சிம்பொனிக்கு ஆறேழு தட்டுகள் வேண்டியிருந்தன. சாவு ஊர்வலத்தின் நடுவே எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அந்தக் காலத்துப் பதிவுகளில் பெலிக்ஸ் வைன்கார்ட்னர் 1936இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு செய்தது, மிகைப்படுத்தாத சீரான நடைக்காக இன்றும் கேட்கத் தகுந்தது.

உண்மையான பிளவு டோஸ்கனினி, ஃபுர்ட்வெங்லர் என்ற இரு நடத்துநர்களுக்கு இடையில் திறந்தது. டோஸ்கனினியின் 1939ஆம் ஆண்டுக் கச்சேரி நியூயார்க்கில் என்.பி.சி. வானொலியின் 8-எச் கூடத்தில் பதிவானது. எதிரொலியே இல்லாத வறண்ட கூடம் அது. தந்திகள் வெட்டுவெட்டாக வந்து விழுகின்றன. ஒரு சொற்றொடர் முடியுமுன் அடுத்தது கழுத்தைப் பிடிக்கிறது. ஃபுர்ட்வெங்லரின் பதிவோ 1944 டிசம்பரில், வியன்னா மியூசிக்ஃபெராயின் அரங்கில், ரசிகர்கள் இல்லாமல், நாஜி அரசின் வானொலிக்காகக் காந்த நாடாவில் எடுக்கப்பட்டது. 1953இல் யுரேனியா என்ற அமெரிக்க நிறுவனம் அதை அவரைக் கேட்காமல், சுருதி ஏறிய நிலையில் தட்டாக வெளியிட, அவர் நீதிமன்றம் போனார். அந்த ஆட்சியின் வானொலிக்காக வீரத்தின் சிம்பொனி வாசிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைக் கேட்க என்னால் முடிவதில்லை. ஆனாலும் அதில் காலம் நகரும் விதம் வேறெங்கும் இல்லாதது. வேகம் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுகிறது. மாறியது தெரியாமலே மாறுகிறது.

போருக்குப் பின் வந்த நீள்தட்டுக் காலத்தில் கனம்தான் வென்றது. கிளெம்பரர் முதலில் 1955இல் பதிவு செய்தார். 1959இன் ஸ்டீரியோ பதிவைவிட அதில் உயிர்த்துடிப்பு கூடுதல். காராயான் 1962இல் பெர்லினில் செய்த பதிவு, பட்டுப்போல் வழுக்கும் தந்தி ஒலியை உலகத்தின் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோனது. அழகான பதிவுதான். ஆனால் முதல் பகுதியின் நடுவில், தாளத்தையே உடைத்துப்போடும் அழுத்தங்கள் அடுக்கடுக்காக வரும் இடத்தைக் கேளுங்கள். 276ஆம் கட்டில் தொடங்கி, புல்லாங்குழல்களில் ஈயும் எஃப்பும் ஒட்டி நின்று உராயும் அபசுரம் ஒன்று நான்கு கட்டுக்கு விடாமல் ஒலிக்க வேண்டும். காராயானிடம் தந்திகளின் பெருக்கில் அந்த உராய்வு அமிழ்ந்துபோகிறது. 1805இல் கேட்டவர்களைத் திகைக்க வைத்திருக்கக்கூடிய இடம், இங்கே உரத்த இடங்களில் ஒன்றாக மட்டும் கடந்துபோகிறது.

எதிர்த்திசையில் நடந்தவர்கள் அப்போதே இருந்தார்கள். 1958இல் வியன்னாவில் ஹெர்மன் ஷெர்ஹனும், 1961இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக்கோடு ரெனே லெபோவிட்ஸும் பீத்தோவனின் எண்களை நெருங்கி வாசித்துக் காட்டினார்கள். லெபோவிட்ஸின் பதிவு ரீடர்ஸ் டைஜஸ்ட் சந்தாதாரர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதாலோ என்னவோ, விமரிசகர்கள் அதற்குரிய மதிப்பை வெகுகாலம் தரவில்லை. நவீனக் கருவிகளை வைத்தே இந்த வேகம் சாத்தியம் என்று அது நிரூபித்திருந்தது.

1980களின் நடுவில் கிறிஸ்டோபர் ஹாக்வுட், பிறகு ரோஜர் நாரிங்டன், 1994இல் ஜான் எலியட் கார்டினர், ஹோர்டி சவால் என்று பழங்கருவிப் பதிவுகள் வரிசையாக வந்தன. நாரிங்டனின் லண்டன் கிளாசிக்கல் பிளேயர்ஸ் பதிவை முதல் தடவை கேட்டவர்களுக்கு, தொடக்கத்து இரண்டு ஈ-ஃப்ளாட் முழக்கங்களே வேறு இசையாகப் பட்டிருக்கும். கடினமான தலை கொண்ட கோல்கள் டிம்பனித் தோலில் படும் ஓசை தனியாகக் கேட்கிறது. வயலின்கள் அதிர்வைக் குறைத்து நேராக ஒலிப்பதால் ஓபோவும் கிளாரினெட்டும் பஸூனும் பின்வரிசையிலிருந்து முன்னால் வருகின்றன. 276ஆம் கட்டின் உராய்வு இப்போது காதை அறுக்கிறது. அறுக்கத்தான் வேண்டும். அதன் பிறகு ஓபோக்கள் ஈ-மைனரில் புதிய மெட்டொன்றைத் தொடங்கும்போது, அது ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. வேகம் இங்கே தர்க்கத்தை வெளிப்படுத்துகிறது. நொடிக்கு ஒரு கட்டு என்ற நடையில்தான் அந்தத் தாள உடைப்புகள் கால் இடறுவதுபோல் உணரப்படும்; மெதுவாக்கினால் ஒவ்வோர் அழுத்தமும் தனித்தனி அடியாக நின்றுவிடும்.

மறுவாசிப்பும் இந்த அலையில்தான் முழுமையாகத் திரும்பி வந்தது. காராயான் அதை வாசித்ததில்லை. பீத்தோவனின் தம்பி கார்ல் 1805இல் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தகவல் இருக்கிறது: மறுவாசிப்பால் பகுதி நீண்டுவிடும் என்று அண்ணன் முதலில் நினைத்தார், சில தடவை கேட்ட பிறகு அதை விட்டுவிடுவதுதான் கெடுதல் என்று கண்டுகொண்டார். இதற்குமேல் வாதத்துக்கு இடமில்லை.

ட்ரம்பெட் விஷயம் இன்னும் சுவையானது. முதல் பகுதியின் இறுதிக் கட்டத்தில் தலைமை மெட்டு முழு ஆர்கெஸ்ட்ராவிலும் ஏறிவர, ட்ரம்பெட்டுகள் அதைப் பாதி தூரம் சுமந்துவிட்டு விலகிக்கொள்கின்றன. மீதி மரக்குழல்களிடம் இருக்கிறது. பீத்தோவன் எழுதியது அவ்வளவுதான். வால்வு இல்லாத அன்றைய கருவியின் இயலாமை இது என்று கருதிய பிற்கால நடத்துநர்கள், மெட்டை ட்ரம்பெட்டிலேயே உச்சிவரை கொண்டுபோய் முடித்தார்கள். பழைய பதிவுகள் பலவற்றில் அந்த வெற்றி முழக்கத்தைக் கேட்கலாம். கேட்கும்போது நெஞ்சு நிமிரும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பீத்தோவன் எழுதியபடி வாசிக்கும்போது, வீரனின் மெட்டு உச்சிக்குப் போகுமுன் கூட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. எரோய்க்காவின் முகப்புப் பக்கத்தில் எழுதியிருந்த நெப்போலியனின் பெயரைத் தாள் ஓட்டையாகும்வரை சுரண்டி எடுத்த மனிதரின் இசைக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஜொனாதன் டெல் மார் பதிப்பித்த பேரன்ரைட்டர் இசைப்பிரதி 1990களின் பிற்பகுதியில் வந்த பிறகு, டேவிட் ஜின்மன், பாவோ யார்வி போன்றவர்கள் நவீனக் கருவிகளோடு எழுதியபடியே வாசித்தார்கள்.

இவ்வளவும் லாபம். இரண்டாம் பகுதிக்கு வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அங்கே பீத்தோவன் தந்த எண், எட்டிலொரு சுரத்துக்கு 80. ஊர்வலத்தில் நடப்பவர் நிமிடத்துக்கு 40 அடி வைக்கிறார் என்று கொள்ளலாம். பகுதி முழுதும் 247 கட்டுகள். அந்த வேகத்தில் பன்னிரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஃபுர்ட்வெங்லரும் கிளெம்பரரும் ஏறக்குறைய 17 நிமிடம் எடுக்கிறார்கள். அப்படியென்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இரண்டு நொடிக்கு மேல். சவப்பெட்டியைச் சுமப்பவர் எவரும் அப்படி நடக்க முடியாது. இந்த இசைக்குப் பிரெஞ்சுப் புரட்சியின் தெருக்களில் வேர் உண்டு. 1790இல் கோசெக் எழுதிய சாவு ஊர்வல இசை, புரட்சித் தலைவர்களில் ஒருவரான மிராபோவின் இறுதி ஊர்வலத்தில் முழங்கியது. நடக்கும் கால்களுக்கான இசை இது என்று நாரிங்டன் தரப்பினர் சொன்னால், தொடக்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் இசை நடந்துகொண்டே இருக்கவில்லை. 114ஆம் கட்டில் ஒரு ஃபியூக் தொடங்குகிறது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஹார்ன்கள் அதன்மேல் ஓங்கி, ஊர்வலம் இருந்த தெருவே காணாமல்போகிறது. பிறகு எல்லாம் அடங்கி, மெட்டு முனகலாகத் திரும்பும் நேரத்தில், ஏ-ஃப்ளாட்டில் ஒரு பேரிடி. இறுதியில் மெட்டு துண்டு துண்டாக உதிர்கிறது; இடையிடையே வெறும் மௌனம். இந்த மூன்று இடங்களையும் அதே 40 அடி நடையில் கடப்பது நியாயமா? நாரிங்டனின் பதிவில் ஃபியூக் சீராக வந்து சீராகப் போகிறது. எல்லாச் சுரங்களும் கேட்கின்றன. துயரம் மட்டும் சேரவில்லை. ஃபுர்ட்வெங்லரின் 1944 பதிவில் அதே ஃபியூக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, உச்சத்தில் மூச்சு அடைக்கிறது. ஏ-ஃப்ளாட் இடிக்கு முந்தைய அந்தச் சிறு காத்திருப்பில் நிகழ்வது, எந்த மெட்ரோனோமும் அளக்க முடியாதது.

இதற்குப் பீத்தோவனே சாட்சி சொல்கிறார். எண்களை அச்சிட்ட அதே 1817இல், தம் பாடல் ஒன்றின் கைப்பிரதியில் மெட்ரோனோம் அளவைக் குறித்துவிட்டு, இது முதல் சில கட்டுகளுக்கு மட்டுமே செல்லும், உணர்ச்சிக்கும் தனியாக ஒரு காலம் உண்டு என்ற பொருளில் எழுதிவைத்தார். எரோய்க்காவை எழுதிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, செவித்திறன் பெரிதும் போன நிலையில் கொடுத்த எண்களை முதல் கட்டிலிருந்து கடைசிக் கட்டுவரை சட்டமாக்குவது, அவர் சொன்னதில் பாதியை மட்டும் கேட்பதாகும்.

இந்த இழப்பில் ஒலிப்பதிவுத் தொழிலுக்கும் பங்கு உண்டு. நாடாவை வெட்டி ஒட்டத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கடினமான இடமும் பல முறை வாசிக்கப்பட்டு, பிழையற்றது பொறுக்கி எடுக்கப்படுகிறது. முதல் பகுதியின் 394ஆம் கட்டில் இரண்டாம் ஹார்ன் மற்றவர்களுக்கு முன்பே மெட்டைத் தொடங்கிவிடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் அதைக் கேட்ட பீத்தோவனின் மாணவர் ரீஸ், ஹார்ன்காரர் எண்ணத் தவறிவிட்டார் என்று நினைத்துத் திட்டி, ஆசிரியரிடம் அறை வாங்கப் பார்த்தார். இன்றைய பதிவுகளில் அது மிக நேர்த்தியாக வாசிக்கப்படுவதால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வருவதில்லை. ஒலிவாங்கிகளைக் கூட்டிக் குறைத்து மரக்குழல்களை முன்னே கொண்டுவருவதும் சாதாரணமாகிவிட்டது. சிறிய குழுவின் இயல்பான சமநிலை எது, பொறியாளரின் கைவேலை எது என்று பிரித்தறிவது சிரமம்.

இப்படி வெட்டி ஒட்டாத பதிவு ஒன்றும் உண்டு. 1963 நவம்பர் 22 அன்று பாஸ்டனில் பிற்பகல் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்க அதிபர் கென்னடி இறந்த செய்தி வந்தது. நடத்துநர் எரிக் லைன்ஸ்டோர்ஃப் அவையோருக்கு அதை அறிவித்துவிட்டு, அன்றைய நிரலில் இல்லாத எரோய்க்கா சாவு ஊர்வலத்தை வாசிக்க வைத்தார். வானொலிக்காக எடுத்த ஒலிப்பதிவு இருக்கிறது. அரங்கம் மொத்தமும் திகைத்து ஒலியெழுப்புவதும், பிறகு இசை தொடங்குவதும் அதில் கேட்கின்றன. ஒத்திகை இல்லை, மறுமுறை வாசித்து ஒட்டவும் வழியில்லை. ஒலித்தரத்தில் அது எந்த வணிகப் பதிவோடும் போட்டி போட முடியாது. ஆனால் இந்த இசை எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையை அது செய்துகொண்டிருக்கும்போதே பிடிபட்ட பதிவு அது. நடை வேகமா மெதுவா என்று கேட்கவே தோன்றவில்லை.

எரோய்க்காவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு நிகோலாஸ் ஹார்னன்கோர்ட் 1990களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், ஐரோப்பியச் சேம்பர் இசைக்குழுவோடு செய்த பதிவைத்தான் சொல்வேன். தந்திகள் நவீனமானவை, ட்ரம்பெட்டுகள் வால்வு இல்லாத பழைய வகை. முதல் பகுதியில் இடறல்கள் முழு வேகத்தோடு விழுகின்றன, இரண்டாம் பகுதியில் நடை தேவையான இடத்தில் தயங்கத் தெரிந்திருக்கிறது. அதை நன்றாகக் கேட்டு முடித்தபின் ஃபுர்ட்வெங்லரின் 1944ஆம் ஆண்டுப் பதிவின் இரண்டாம் பகுதியை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்கலாம். சுருதி சரிசெய்யப்பட்ட மறுபதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.