காது முதலில், கால் பிறகு

இலங்கை மலையகத்துக் காமன் கூத்தை ரசிக்கத் தெரிந்தவர்கள் கடைசி இரவுக்காகக் காத்திருப்பதில்லை. தகனம் அன்றைக்குத்தான், கூட்டமும் அன்றைக்குத்தான். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு, அடுத்த தோட்டம் என்று சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து விடியவிடிய உட்கார்ந்திருக்கும். ஆனால் ஆட்டத்தின் தரத்தை எடைபோட வேண்டுமென்றால், மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டு, காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிய கையோடு போக வேண்டும். புதிதாக ரதிக்கோ மன்மதனுக்கோ வந்த பொடியன் லயத்து இஸ்தோப்பில் மாஸ்டரிடம் அடவு பழகுவது அப்போதுதான் கண்ணில் படும்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பப் போகிறான் மன்மதன். கெட்ட கனவு கண்ட ரதி போகாதே என்று தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. நெற்றிக்கண் திறக்கிறது. எரிந்தவனை ரதி அழுது, வாதாடி, தன் கண்ணுக்கு மட்டுமாவது தெரியும்படி வாங்கி வருகிறாள். காமனைச் சிவன் எரித்த இடம் என்று மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கொறுக்கையைச் சொல்வார்கள். அட்ட வீரட்டத் தலங்களில் அது ஒன்று. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களில் இன்றும் காமன் பண்டிகை உண்டு. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவதும் அங்கே நடந்ததுதான். கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட பிறகும் கப்பலேறி வந்தவர்கள் கதையைக் கொண்டுவந்தார்கள். லய வாசல், மலைச்சரிவு, கொழுந்துக் கூடை, மாசிக் குளிர் எல்லாம் சேர்ந்து அதை இங்கத்தைய கூத்தாக்கின. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் இருக்கட்டும். மலையகத்தின் அடையாளம் என்று கேட்டால் கை காமன் கூத்தைத்தான் காட்டும்.

பழக வந்த பொடியனுக்கு நான் பார்த்த மாஸ்டர்மார் முதலில் கால் சொல்லிக் கொடுப்பதில்லை. தப்புக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. பனியில் தோல் தொய்ந்துவிடும்; சருகு கொளுத்திக் காய்ச்சி, விரலால் சுண்டி, மறுபடி காய்ச்சி, கணீரென்ற பிறகுதான் அடி விழும். ஆட்டம் நடைபோடும்போது ஓர் அடி, வேகம் பிடிக்கும்போது ஓர் அடி, பாட்டுக்கு இடம்விட்டு ஒதுங்கும்போது இன்னோர் அடி. இவற்றைப் பிரித்தறியும் வரைக்கும் பொடியனுக்குச் சலங்கை கிடையாது. அவன் அவசரப்பட்டுக் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தால், "காலைப் பாக்காதடா தம்பி, தப்பக் கேளு" என்று ஒரு அதட்டல் வரும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பாடம் சுலபமாக ஏறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் விடிகாலையில் லயத்தை எழுப்பியதே பெரட்டுத் தப்புதான். சாவுக்கு ஒரு தப்பு, திருவிழாவுக்கு ஒரு தப்பு. எந்த அடி எதற்கு என்பதை லயத்துச் சனம் படுக்கையில் கிடந்தபடியே சொல்லும். வேலைக்கு விரட்டிய அதே தோல்கருவி மாசியில் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறது.

இதே பாடத்தைத் தலைகீழாக நடத்தும் ஒரு கலையும் உலகத்தில் இருக்கிறது: பனிச்சறுக்கு நடனம். கனடாவிலோ ஐரோப்பாவிலோ ஒரு குழந்தையை அரங்குக்குக் கூட்டிப்போனால் முதல் பாடம் விழுவதும் எழுவதும். பிறகு தப்படி வைத்து நடப்பது, இரண்டு காலில் வழுக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. சப்பாத்தின் அலகுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு உண்டு. எந்த விளிம்பில் சாய்கிறோம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. பனியில் பிசகாமல் வட்டமும் எட்டும் கீறுவதைப் போட்டியில் கட்டாயப் பாடமாகவே வைத்திருந்தார்கள்; 1990இல்தான் உலகப் போட்டிகளில் அது நின்றது. அந்தக் கலைக்குள் இசையையும் நடனத்தையும் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர். 1860களில் வியன்னா அவரைக் கொண்டாடியது. அங்கே கால் முந்தி வந்தது, இசை பிந்தி வந்து சேர்ந்தது. காமன் பொட்டலில் இசை முந்தி, கால் பிந்தி. 1984இல் சரயேவோ ஒலிம்பிக்கில் டோர்வில், டீன் சோடி ஆடிய 'பொலேரோ'வைப் பார்த்தால், கடைசியில் இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது விளங்கும்: இருவர் உடம்பு, ஒரே தாளம்.

ரதி மன்மதன் ஆட்டத்திலும் கவனிக்க வேண்டியது அந்தச் சோடிப் பொருத்தம்தான். இருவரும் எதிரெதிர் நின்று ஆடி, இடம் மாறி, முதுகு உரசாமல் சுற்றி, பழைய இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். தலையில் முடி, தோளில் கட்டு, கையில் வில். முழங்கால் எந்நேரமும் சற்றே மடிந்திருக்கும். பாதம் துள்ளும்போது கழுத்து அசையக் கூடாது. அசைந்தால் முடி ஆடும், முடி ஆடினால் தேவன் போய்த் தோட்டத்துப் பொடியன் தெரிந்துவிடுவான். சுழற்சி முடிந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். கெட்டிக்காரன் கடைசி அடியோடு நிற்பான். பழகாதவன் நின்ற பிறகும் அரை அடி தள்ளாடுவான். மலைச்சரிவில் வெட்டியெடுத்த பொட்டல் எங்கேயும் சீராக இருக்காது. மேட்டிலும் பள்ளத்திலும் பழகிய கால் என்பதால்தான் தோட்டத்து ஆட்டத்துக்குத் தனிக் கெட்டி.

ரதிக்கு வருகிறவனுக்குப் பாடம் இன்னும் கடினம். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்து இது; மீசை அரும்பாத பொடியன்தான் சேலை கட்டுவான். சேலை கட்டியதும் இடுப்பை ஒடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது லேசு. நல்ல மாஸ்டர் அதை முதலில் வெட்டி எறிவார். கனவு சொல்லித் தடுக்கும் இடத்தில் ரதி கெஞ்சுவதில்லை, வழக்காடுகிறாள். அப்போது ஆட்டம் சுருங்க வேண்டும், அடி சின்னதாக வேண்டும், குரல் மட்டும் ஏற வேண்டும். தகனத்துக்குப் பிறகு வரும் புலம்பலில் கால் அனேகமாக நின்றே விடும். அந்த வேளையில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தால் ரதி தேறிவிட்டான் என்று அர்த்தம்.

கசப்பான ஒன்றையும் மறைக்கக் கூடாது. தப்பு அடிக்கிறவரைத் தள்ளி நிறுத்திய சாதிப் பழக்கம் கடல் கடந்து லயத்துக்கும் வந்தது. ஆனால் பொட்டலில் யார் யாரை நம்பி நிற்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. தப்பு நின்றால் மன்மதனும் நிற்க வேண்டும். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு ஏறிப் போனபோது ஆட்டக்காரரும் அடிகாரரும் பிரிந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மறக்காமல் வைத்திருந்ததால் இன்றைக்கும் கம்பம் ஊன்றப்படுகிறது. இப்போது பள்ளிக்கூட மேடைகளில் பெண் பிள்ளைகளும் காமன் ஆட்டம் ஆடுகிறார்கள், நல்ல காரியம். ஒலிப்பதிவைப் போட்டு மூன்று நிமிடத்துக்கு ஆட்டத்தை நறுக்குவதுதான் கவலை. பதிவு, ஆடுகிற பிள்ளையின் மூச்சைப் பார்த்து அடியை நீட்டிக் குறைக்காது. பக்கத்தில் நிற்கும் தப்புக்காரர் அதைச் செய்வார்.

பிள்ளைக்கு ஆட்டம் பழக்க ஆசைப்படுகிற பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உடுப்புக்கும் முடிக்கும் இப்போதே காசு செலவழிக்காதீர்கள். வருகிற மாசியில் கம்பம் ஊன்றுகிற அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தப்புக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காமன் வீடுவீடாக ஆடிவரும்போது பின்னாலேயே போகவிடுங்கள். காது தேறியதும் மாஸ்டரே கூப்பிட்டுச் சலங்கை கட்டுவார்.