கேள்வியைக் காட்டுங்கள்

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வறுமைக் கோடு. 2011-12இல் இந்தியாவில் எத்தனை பேர் கொடிய வறுமையில் இருந்தார்கள் என்று உலக வங்கி கணக்குப் போட்டபோது ஒரு வழியில் 21.2 சதவீதம் என்று வந்தது, இன்னொரு வழியில் 12.4 சதவீதம் என்று வந்தது. இரண்டு எண்களுக்கும் நடுவே பத்துக் கோடிக்கு மேற்பட்ட மனிதர்கள் நிற்கிறார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு பகுதி வீடுகளில் எல்லாப் பொருளுக்கும் "கடந்த 30 நாளில் எவ்வளவு செலவு" என்று கேட்டிருந்தார்கள். வேறொரு பகுதி வீடுகளில் காய்கறி, மீன், முட்டை, பழம் போன்றவற்றுக்குக் "கடந்த 7 நாளில்" என்றும், துணிமணி, படிப்புச் செலவு போன்றவற்றுக்குக் "கடந்த ஓராண்டில்" என்றும் கேட்டிருந்தார்கள். கேள்வியில் இருந்த நாள் கணக்கு மாறியதும் நாட்டின் வறுமைக் கணக்கும் மாறிவிட்டது.

நாம் படிக்கும் ஒவ்வொரு கணக்கெடுப்பு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தெந்த மாவட்டத்தில் கேட்டார்கள் என்பதையாவது பத்திரிகைகள் சில சமயம் போடுகின்றன. என்ன சொற்களில், எந்த வரிசையில், யார் முன்னிலையில் கேட்டார்கள் என்பது வெளியே வருவது அபூர்வம். கூடுதலான ஆட்களைக் கேட்டால் தற்செயலாக வரும் பிழை குறையும் என்பது சரி. கோணலான கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டாலும் லட்சம் பேரிடம் கேட்டாலும் அந்தக் கோணல் அப்படியேதான் இருக்கும்.

வறுமைக் கணக்கின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஒரு குடும்பத் தலைவியிடம் 30 நாள் செலவைக் கேட்டால், மாதம் பிறந்ததும் வாங்கிய 25 கிலோ அரிசிச் சிப்பம் உடனே நினைவுக்கு வரும். துவரம் பருப்பும் எண்ணெயும்கூட வந்துவிடும். அன்றாடம் வாங்கிய கீரைக்கட்டு, தள்ளுவண்டித் தக்காளி, வீட்டுக்காரர் கடையில் குடித்த டீ, மாமியாருக்கு வாங்கிய வெற்றிலை பாக்கு இவையெல்லாம் மூன்று வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? 7 நாள் என்று கேட்டால் இவை தப்பாது. ஆனால் வேறொரு பிழை உள்ளே வரும். பத்து நாளைக்கு முன் விருந்தாளி வந்தபோது எடுத்த கோழிக்கறியையும் "போன வாரந்தான்" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார். ஒரு கேள்வியில் செலவு குறைந்து தெரியும், மற்றதில் கூடித் தெரியும். 1950களின் தொடக்கத்திலேயே புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் மேற்கு வங்கத்தில் இரண்டையும் சோதித்துப் பார்த்து, 30 நாள் கேள்வியே உண்மைக்கு நெருக்கம் என்ற முடிவுக்கு வந்தார். பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கேள்விதான் இந்திய வறுமையை அளந்தது.

1994 முதல் 1998 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சிறிய சுற்றுகளில் பழைய படிவத்தையும் 7 நாள் கேள்வி கொண்ட புதிய படிவத்தையும் வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புதிய படிவத்தில் வறுமை ஏறக்குறையப் பாதியாகத் தெரிந்தது. இதுவரை செய்ததெல்லாம் ஒழுங்கான சோதனை. தவறு 1999-2000 சுற்றில் நேர்ந்தது. உணவுப் பொருட்களுக்கு ஒரே வீட்டில், ஒரே படிவத்தில், 7 நாள் கட்டத்தையும் 30 நாள் கட்டத்தையும் அருகருகே வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு கிலோ தக்காளி என்று சொன்னவர் அடுத்த மூச்சில் மாதத்துக்கு நான்கு கிலோ என்று சொல்வாரா? சொன்னாலும், எழுதுபவர் பேனாவை நிறுத்திவிட்டு "சரியாச் சொல்லுங்கம்மா" என்று கேட்காமல் இருப்பாரா? ஒரு விடை இன்னொரு விடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக அரசு அறிவித்தது. பொருளாதாரச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று ஒரு தரப்பு கொண்டாடியது. மறு தரப்பு அந்த எண்ணையே ஏற்க மறுத்தது. 2015இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன், எரிபொருள் போல இரண்டு படிவத்திலும் கேள்வி மாறாத செலவுகளைப் பிடித்துக்கொண்டு திருத்திக் கணக்கிட்டார். வறுமை குறைந்தது உண்மை, அரசு சொன்ன அளவுக்குக் குறையவில்லை என்பது அவர் கண்ட விடை. வேறு சிலர் வேறு முறைகளில் கணக்கிட்டு வேறு விடைகளைச் சொன்னார்கள். 1991இல் தொடங்கிய மாற்றங்கள் ஏழைகளை என்ன செய்தன என்பதை நாடு கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய நேரத்தில், அச்சடித்த இரண்டு கட்டங்களைப் பற்றி அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. அந்த இழப்பை எண்ணும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

நினைவைக் கேட்கும் கேள்வியே இந்தப் பாடு படுத்துகிறதென்றால் கருத்தைக் கேட்கும் கேள்வியைச் சொல்ல வேண்டியதில்லை. 1941இல் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று ஒரு சாராரிடமும், அனுமதிக்க வேண்டுமா என்று இன்னொரு சாராரிடமும் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் தடை வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம், அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 75 சதவீதம். தடை என்ற சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்க வைத்திருக்கிறது. பேச்சுரிமைக்கு எத்தனை பேர் ஆதரவு என்று கேட்டால் எந்த எண்ணைச் சொல்வது?

1992இல் நடந்தது இதைவிட வேதனையானது. அமெரிக்க யூதக் குழு என்ற அமைப்புக்காக ரோப்பர் நிறுவனம் கேட்ட கேள்வியின் சாரம் இது: நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா? ஒரு மறுப்பின் மேல் இன்னொரு மறுப்பு. 22 சதவீதம் பேர் "சாத்தியம்" என்றார்கள். அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவர் அந்தக் கொடுமையைச் சந்தேகிக்கிறார் என்ற செய்தி, உறவுகளைப் பறிகொடுத்துத் தப்பிப் பிழைத்தவர்களின் காதிலும் விழுந்தது. 1994இல் அதே நிறுவனம் கேள்வியை நேராக்கிக் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் சுமார் ஒரு சதவீதமே. தவறை அவர்களே சோதித்து அறிந்து வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பதில் தெரியாதவரும் பதில் சொல்வார் என்பது அடுத்த சிக்கல். சின்சினாட்டியில் ஜார்ஜ் பிஷப்பும் சக ஆய்வாளர்களும் 1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொன்னார்கள். அவர்களை அறியாமை உள்ளவர்கள் என்று பழிப்பது நியாயமல்ல. வாசலுக்கு வந்து மரியாதையாகக் கேட்கிறவரிடம் வெறுங்கையை விரிக்க மனிதருக்குக் கூச்சம். நம் ஊரில் திட்டத்தின் பயனைப் பற்றி அதை வழங்கும் துறையின் அலுவலரே "பயன் கிடைச்சுதாம்மா?" என்று கேட்டால் "ஆமாங்க சார்" என்பதைத் தவிர வேறென்ன வரும்? அந்த "ஆமாங்க" அறிக்கையில் மனநிறைவுச் சதவீதமாக ஏறிவிடுகிறது.

இந்தக் கூச்சத்தை மீறி உண்மையை வெளிக்கொண்டுவரவும் கேள்வியாலேயே முடியும். தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற கணக்கெடுப்புகள், உங்கள் வீட்டில் உள்ளவர்கள் வழக்கமாக எந்த வகைக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்கின்றன. புதிதாகக் கட்டிய கழிப்பறையை மனதில் வைத்துக் குடும்பத் தலைவர் விடை சொல்லிவிடுவார். காலையில் கம்மாய்க்கரைப் பக்கம் போகும் தாத்தாவும் பெரிய மகனும் கணக்கில் வர மாட்டார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியக் கிராமங்களில் கேள்வியை மாற்றிப் பார்த்தார்கள். சிலர் வெளியே போகிறார்கள், சிலர் கழிப்பறைக்குப் போகிறார்கள், இவர் எப்படி என்று வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள். திறந்தவெளிக்குப் போவோரின் விகிதம் சராசரியாக 20 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வந்தது. இரண்டு வழக்கத்தையும் சமமாக முன்வைத்ததில் கூச்சத்துக்கு இடம் குறைந்தது, ஆள் ஆளாகக் கேட்டதில் ஒளிய இடமில்லாமல் போனது. இப்படிக் கேட்கக் கூடுதல் நேரம் ஆகும், கூடுதல் பணமும் ஆகும். ஊரின் சுகாதாரத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு அந்தச் செலவு தகும் என்றே நான் கருதுகிறேன்.

பெண்களின் உழைப்பு இதே போன்றதொரு புதையல். தென்காசிப் பக்கத்துத் திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "என்னம்மா, வேலைக்கு எதுவும் போறீங்களா?" என்று கேட்டால், "இல்ல சார், வீட்லதான் இருக்கேன்" என்பார், விரல் நிற்காமல் இலையைச் சுருட்டிக்கொண்டே. புருஷனைக் கேட்டால் "சும்மாதான் இருக்கா" என்று இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவார். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் துருவிக் கேட்காத களப்பணியாளர் 92 என்ற குறியீட்டை இட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்பது அதன் பொருள். 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வேலை பார்க்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்பதோடு நிற்கவில்லை. முந்தைய நாள் விடியற்காலை 4 மணி முதல் அன்றைக்கு 4 மணி வரை ஒவ்வொரு அரை மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது பதிவானது. "சும்மா இருக்கா" என்ற விடைக்குள் ஐந்து மணி நேரம் மறைந்திருக்கிறது.

இத்தனை கோணல் இருக்கும்போது கணக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன பிழைகளில் பலவற்றைக் கண்டுபிடித்தது இன்னொரு கணக்கெடுப்புத்தான். ஆட்களை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு சாராருக்கும் ஒவ்வொரு வடிவத்தைக் கொடுத்துத் தன்னையே சோதித்துக்கொள்ளும் வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று வாயால் சொல்லத் தயங்குகிறவர்களுக்காக தேர்தல் ஆய்வுகள் நடத்தும் லோக்நீதி அமைப்பின் களப்பணியாளர்கள் மாதிரி வாக்குச்சீட்டையும் பெட்டியையும் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்திப் போட்டுவிடலாம். கேள்வி சற்றுக் கோணலாகவே இருந்தாலும், ஆண்டுதோறும் அதே சொற்களில் கேட்டால் ஏற்ற இறக்கமாவது உண்மையாகத் தெரியும் என்பதும் பெரிய பலம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தரக்குறைவு என்று சொல்லி வெளியிடப் போவதில்லை என ஒன்றிய அரசு 2019 நவம்பரில் அறிவித்தது. 2011-12க்குப் பிறகு 2022-23 வரை, நடுவில் பெருந்தொற்றும் வந்துபோன காலம் முழுக்க, குடும்பங்களின் செலவு பற்றி வெளியான அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு ஒன்றும் இல்லை. அந்த இருட்டில் ஆளாளுக்கு ஓர் எண்ணைச் சொன்னார்கள். கடைசியாக 2022-23ஆம் ஆண்டின் கணக்கு வந்தபோது படிவத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தார்கள். சோர்வில்லாமல் விடை சொல்ல இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய கணக்கோடு நேரடியாக ஒப்பிட்டு வறுமை இத்தனை மடங்கு குறைந்தது என்று மேடையில் முழங்க அது இடம் தராது. பழைய படிவத்தையும் ஒரு பகுதி வீடுகளில் கூடவே ஓடவிட்டிருந்தால் அந்தப் பாலம் கிடைத்திருக்கும். 1990களில் அதைச் செய்யத் தெரிந்த நாடு இது.

தமிழ்நாட்டில் அரசும் கட்சிகளும் தொலைக்காட்சிகளும் ஆண்டு முழுக்க நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்ட கேள்வியை, வாசலில் நின்று சொன்ன அதே தமிழில், முடிவு வெளியாகும் நாளிலேயே முழுப் படிவத்தோடு வெளியிட வேண்டும். பத்திரிகைகள் சதவீதத்துக்குக் கீழே கேள்வியை ஒரு வரியில் அச்சிட வேண்டும். அதற்குத் தாளில் இடமில்லை என்று சொல்லும் ஆசிரியருக்கு, கேள்வி இல்லாத எண்ணை நாங்கள் நம்பத் தயாரில்லை என்று, வாசகர்களே, கடிதம் எழுதுங்கள்.