அதிகம் துலக்காதீர்கள்

மதுரைக் கல்லூரிகளில் என்.சி.சி. சீருடை போட்டவர்களுக்கு 0.22 டீலக்ஸ் ரைபிளும் 25 கெஜத் தூரமும் தெரிந்த சங்கதிகள். குப்புறப் படுத்து ஐந்து குண்டு. வேடிக்கை பார்ப்பவரின் கண் அட்டையின் நடுவட்டத்துக்குப் போகும். விஷயம் தெரிந்தவர், துளைகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்றுதான் பார்ப்பார். குரூப்பிங் என்பது இதுதான். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, மொத்தமாக இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அது நல்ல சுடுதல், குறியைத் திருத்திக்கொள்ளலாம். ஐந்தும் சிதறி, ஒன்று மட்டும் நடுவில் விழுந்திருந்தால் திருத்த எதுவுமில்லை. ஸ்கோப்பின் குறியைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்துவதற்கும், அதாவது ஜீரோ செய்வதற்கும், ஆதாரம் இதுவே. வழக்கமான ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக், 100 மீட்டரில் குண்டை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகர்த்தும். எத்தனை கிளிக் என்பதைத் துளைக் கூட்டத்தின் மையம் சொல்ல வேண்டும். ஒற்றைக் குண்டை நம்பித் திருகுபவர் தன் கை நடுக்கத்தை ஸ்கோப்பில் ஏற்றிவைக்கிறார்.

அந்த மையமும் நிலையானதல்ல, குழலின் உள்நிலையைப் பொறுத்தது என்பதே என் கட்சி. 0.22 குண்டு ஈயம்; அதன்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். குழலின் திருகு வரிகளில் அது ஓடும்போது மெழுகும் கரியும் மெல்லப் படிகின்றன. நன்றாகத் துடைத்த குழலில் முதல் சில குண்டுகள் கூட்டத்தோடு சேராமல் விழும்; படிவு சீரான பிறகே கூட்டம் இறுகும். பழகிய தோசைக்கல்லைப் பளபளவென்று தேய்த்துவிட்டு முதல் தோசையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப்புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். அங்கே தயாரிப்புக்கும் சோதனைச் சுடுதலுக்கும் 15 நிமிடம் தருகிறார்கள். குறி பார்ப்பவர் மட்டுமல்ல, குழலும் அதற்குள் பதத்துக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால், புல் த்ரூ என்னும் துடைப்புக் கயிற்றில் துணித் துண்டு கோத்து, குழல் கண்ணாடியாகும் வரை இழுக்கச் சொன்ன பட்டாளத்தார் முட்டாள்களா என்று கேட்கலாம். இல்லை. பழைய .303 தோட்டாவின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் எஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெயில் அது கரையாது, அதனால் வெந்நீர் ஊற்றினார்கள். குழலைத் தேய்த்ததோ அழுக்கல்ல, சூடு. அந்தத் தோட்டாவின் கார்டைட் மருந்தின் வெப்பம் மெட்ஃபோர்டு வகை ஆழமற்ற வரிகளை விரைவில் அரித்ததால்தான் 1895-இல் என்ஃபீல்டு வரிகள் வந்தன. இன்றைய 0.22 தோட்டாவில் அந்த உப்பும் இல்லை, அந்த வெப்பமும் இல்லை. சுட்டுத் தேய்வதைவிட, வாய்முனை வழியே இரும்புக் கம்பியை விட்டு உராய்ப்பதில்தான் இந்தக் குழலுக்கு ஆபத்து அதிகம். துடைக்கவே கூடாது என்பதல்ல. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதி உள்ளே போனாலோ, மழையில் நனைந்தாலோ உடனே துடைக்கத்தான் வேண்டும். மற்ற நாளில் கூட்டம் விரியத் தொடங்கும்போது துடைத்தால் போதும்.

இன்னொன்று, வெயில். சித்திரை மதியத்தில் சூடேறிய குழலுக்கு மேலும் பொட்டலுக்கு மேலும் கானல் எழும்பி ஸ்கோப்பில் அட்டையே நெளியும். மருந்து சூடேறினால் குண்டின் வேகமும் மாறும். மார்கழிக் காலையில் வைத்த ஜீரோவை அப்போது நம்பாதீர்கள். ஐந்து குண்டு சுட்டுப் பார்த்த பிறகு திருகைத் தொடுங்கள்.