மூடிய சுவரும் முடிந்த தூக்கும்

காவலர் துருவுகிறார், வழக்கறிஞர் வாதிடுகிறார், ஜூரிகள் எடைபோடுகின்றனர், அமைச்சர் கருணை மனுவைப் படிக்கிறார். இத்தனை வாயில்களையும் கடந்து குற்றமற்றவன் ஒருவன் தூக்குமேடை ஏறிவிடுவானா என்று கேட்போர் இன்றும் உளர். 1948-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப் இப்படித்தான் பேசினார். அப்படியொரு பிழை நேரும் என்பது கற்பனை உலகப் பேச்சு என்றார். ஐந்தே ஆண்டுகள்! அவரே உள்துறை அமைச்சராக வீற்றிருந்த வேளையில், அந்தக் கற்பனை ஒரு சமையலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து பிணமாக வெளிப்பட்டது.

அந்தக் கொடுமையை லுடோவிக் கென்னடி 1961-இல் 'டென் ரில்லிங்டன் பிளேஸ்' எனும் நூலாக்கினார். வீட்டின் முகவரியே நூலின் பெயர். பகுத்தறிவு பேசும் இளைஞர்கள் படித்தாக வேண்டிய ஏடு இது. எனினும், போற்றிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. அதன் வலிமை எங்கே, வழுக்கல் எங்கே என்பதையும் காட்ட விரும்புகிறோம்.

இலண்டன் மாநகரின் நாட்டிங் ஹில் பகுதியில் இருந்தது அவ்வீடு. மேல்தளத்தில் டிமொதி இவான்ஸ் என்ற வேன் ஓட்டுநர், மனைவி பெரில், ஓராண்டு நிரம்பிய மகள் ஜெரால்டின். கீழ்த்தளத்தில் ஜான் கிறிஸ்டி. 1949 நவம்பர் இறுதியில் வேல்ஸ் பகுதியிலிருந்த ஒரு காவல் நிலையத்துக்கு இவான்ஸ் தானே சென்று, மனைவியின் உடலைச் சாக்கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னான். அந்தச் சாக்கடையின் மூடியைத் தூக்க மூன்று ஆட்கள் தேவைப்பட்டனர், உள்ளே ஒன்றுமில்லை! பிறகு, கருக்கலைப்புச் செய்வதாகச் சொன்ன கிறிஸ்டியின் கையில்தான் அவள் மாண்டாள் என்றான். டிசம்பர் 2-ஆம் நாள் தாயும் சேயும் சலவையறையில் பிணமாகக் கிடைத்தனர். இலண்டன் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்ட இவான்ஸ், இரு கொலைகளையும் செய்தது நானே என்றான். முறைமன்றத்தில் அதை மறுத்தான். மகளைக் கொன்றதாக 1950 ஜனவரியில் மூன்று நாள் விசாரணை. ஜூரிகளுக்கு நாற்பது நிமிடம் போதுமாயிருந்தது. மார்ச் 9-ஆம் நாள் பென்டன்வில் சிறையில் தூக்கு. அவனுக்கு வயது 25.

அவனுக்கு எதிராக நின்ற தலைமைச் சாட்சி யார்? கிறிஸ்டி! திருட்டுக்கும் தாக்குதலுக்கும் முன்பே தண்டனை பெற்றவன். ஆயினும் போர்க்காலத்தில் காவலர் உடை அணிந்தவன், அடக்கமாகப் பேசத் தெரிந்தவன். எழுதப் படிக்க அரைகுறையாகவே அறிந்த, முன்னுக்குப்பின் முரணாகப் பேசிய இளைஞனையும் இவனையும் அருகருகே நிறுத்தினால், யாரை நம்புவர்? அரசுத் தரப்பில் வாதாடிய கிறிஸ்மஸ் ஹம்ப்ரீஸ், இலண்டனில் பௌத்த நெறி பரப்பச் சங்கம் கண்டவர்! கொல்லாமை போதிக்கும் நெறிக்கும் கொலைக்கயிறு கேட்கும் தொழிலுக்கும் அவர் நெஞ்சில் எப்படி இடம் ஒதுக்கினாரோ, நாமறியோம்.

1953 மார்ச் மாதம் கிறிஸ்டி அவ்வீட்டைக் காலி செய்து போனான். அங்கே குடியிருந்த மற்றொருவர், வானொலிப் பெட்டி வைக்கச் சுவரில் தாங்கி பொருத்த இடம் தேடினார், சுவர்த்தாளைக் கிழித்தார், உள்ளே மூன்று பெண்களின் உடல்கள். கூடத்துத் தரைப்பலகைக்கு அடியில் கிறிஸ்டியின் மனைவி. தோட்டத்தில் மேலும் இரு பெண்களின் எலும்புகள். அவற்றுள் ஒரு தொடையெலும்பு, கொடிப்பந்தலுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. 1949-இல் அதே வீட்டில் துப்புத் துலக்கிய காவலர் கண்ணுக்கு அது படவில்லை. வானொலிப் பெட்டியை அவர் மேசைமீதே வைத்திருந்தால்?

நூலின் உயிர்ப்பகுதி இந்தப் பிணங்கள் அல்ல, அந்த வாக்குமூலம். கென்னடி அதை வரிவரியாகப் பிரிக்கிறார். படிப்பறிவில்லாத வேன் ஓட்டுநன் பேசும் பேச்சா இது, காவலர் குறிப்பேட்டு நடையா என்று கேட்கிறார். உடல்கள் எங்கே கிடைத்தன என்பதைக் காவலரே அவனிடம் சொல்லியிருந்தனர். மனைவியின் ஆடைகளையும் குழந்தையின் ஆடைகளையும் முன்னே வைத்துக் காட்டினர். அதன் பிறகு அவன் 'அறிந்து' சொன்னதில் வியப்பென்ன? சலவையறையைப் பயன்படுத்திய வேலையாட்கள், அங்கே உடல் எதையும் காணவில்லை என்றனர். அது வாக்குமூலத்தோடு மோதியது. வாக்குமூலத்தை ஐயுறவில்லை, வேலையாட்களை மீண்டும் அழைத்து விசாரித்தனர், அவர்கள் சொல் மாறியது! முடிவை முன்னே வைத்து, சான்றை அதற்கு அளவெடுத்துத் தைக்கும் இந்தத் தையல் வேலையைக் கென்னடி காட்டும் பக்கங்களுக்காகவே நூலைப் பலமுறை படிக்கலாம்.

குறை எங்கே? இவான்ஸைக் குழந்தை மனத்தவன் என்று காட்ட அவர் அளவுக்குமேல் முனைகிறார். தேவையே இல்லை! பொய்யன், குடிப்பவன், மனைவியோடு சண்டையிடுபவன் செய்யாத கொலைக்குத் தூக்கிலிடத் தக்கவனா? நம் இரக்கத்தைப் பெறுபவனுக்கு மட்டும் நீதி என்றால், அது நீதியா, பிச்சையா? மேலும், பூட்டிய அறையில் நடந்ததை நேரில் கண்டவர்போல் உறுதிபடப் பேசும் இடங்களில், தாம் காவலரிடம் கேட்கும் சான்றைத் தாமே தர மறக்கிறார்.

ஆனால், அரசு எழுதியதை நோக்க இக்குறை தூசு. கிறிஸ்டியைத் தூக்கிலிடுமுன் முடித்தாக வேண்டுமென்று 1953 ஜூலையில் அவசர விசாரணை ஒன்று நடந்தது. பெரிலைக் கொன்றதாகக் கிறிஸ்டியே சொல்லியும், இரு கொலைகளையும் செய்தது இவான்ஸே என்றது அதன் அறிக்கை. ஒரே கூரையின் கீழ், ஒரே காலத்தில், கழுத்தை நெரிக்கும் கொலைஞர் இருவர் தனித்தனியே வாழ்ந்தனராம்! கடவுள் கதை சொல்வோரும் இதைச் சொல்லக் கூசுவர். 1966-இல் வந்த இரண்டாம் அறிக்கையோ, மகளை அவன் கொன்றிருக்க மாட்டான், மனைவியைக் கொன்றிருக்கலாம் என்றது. மகளின் கொலைக்காகத்தானே தூக்கு! அவ்வாண்டு அக்டோபரில் மன்னிப்பு அளித்தனர். செய்யாததற்கு மன்னிப்பு! 2004-இல் தீர்ப்பையே நீக்கும்படி குடும்பத்தார் கேட்டபோது, அவன் கொலையாளி அல்லன் என ஏற்ற உயர்நீதிமன்றம், வழக்கை மறுபடி நடத்தும் செலவுக்கேற்ற பயனில்லை என்று கைவிரித்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1950-இல் கருணை காட்ட மறுத்த உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், பின்னர் தூக்கை ஒழிக்கக் குரல் கொடுத்தார். 1965-இல் கொலைக்குற்றத்துக்கான தூக்கை நிறுத்தி, 1969-இல் நிலையாகவே ஒழித்தது பிரிட்டன்.

இது வெள்ளையர் வீட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? காவலரிடம் தரும் வாக்குமூலம் செல்லாது என்று 1872-இல் இந்நாட்டுக்குச் சட்டம் செய்தவர்கள் அவர்களே. நல்ல விதி, 2023-இன் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது உண்டு. ஆனால் 1987-இன் தடா சட்டம், காவல்துறைக் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அச்சட்டத்தின் கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. ஒருவர்கூட விடுபடவில்லை! மறு ஆண்டில் உச்சநீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றச்சாட்டே நில்லாது என்றது. ஆனால் அச்சட்டத்தின் துணையால் பெற்ற வாக்குமூலங்கள் மட்டும் நின்றன. நால்வரின் தூக்கு உறுதியாயிற்று. அவர்களுள் ஒருவர் பேரறிவாளன். வாங்கித் தந்த மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டேன் என்று, வாக்குமூலம் பதிந்த அதிகாரியே 2013-இல் வெளியிட்டார்.

அப்போது பேரறிவாளன் உயிரோடிருந்தார். 2014-இல் தூக்கு நீங்கியது. 2022 மே 18-இல், ஆளுநரின் காலத்தாழ்வைச் சுட்டி உச்சநீதிமன்றம் விடுவித்தபோது, அவரால் தாயிடம் திரும்ப முடிந்தது. இவான்ஸின் குடும்பத்தாருக்கு 1965-இல் கிடைத்தவை, பென்டன்வில் சிறை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து வேறோர் இடுகாட்டில் புதைக்கத் தந்த எலும்புகள்.